98 ஆம்னி வேன், இன்ஜின் சூடானா மிஸ் அடிக்குது, போர் பண்ணணும்னு சொல்றாங்க, நெஜமாவே தேவையா?

உடுமலை_வேன்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். என்கிட்ட 98 மாடல் மாருதி ஆம்னி எட்டு சீட்டர் இருக்கு, கார்புரேட்டர் வண்டி, கேஸ் கிட் போட்டு ஆர்சி புக்லயும் ஏத்தியாச்சு. அப்பா வாங்குன வண்டிங்க, இப்ப பந்தல் சாமான், லைட் செட்டு எல்லாம் ஏத்தறதுக்கு நான் ஓட்டிட்டு இருக்கேன், இத வித்துட்டு வேற வாங்கற மாதிரி நெலமை இல்ல, எனக்கு விக்கவும் மனசு இல்ல.

பிரச்சனை என்னன்னா காலைல முதல் ஸ்டார்ட்ல அருமையா நிக்குது. ஒரு பத்து பதினஞ்சு கிலோமீட்டர் ஓடி நல்லா சூடானதுக்கப்புறம் எங்கயாச்சும் நிறுத்துனா ஐடிலிங்ல வண்டி பூரா ஒதறுது, சைடு மிரர்ல பின்னாடி வர்ற வண்டியே தெரியாத அளவுக்கு ஆடுது, சில சமயம் ஆஃப் ஆயிடுது. ஆக்சிலேட்டர் குடுத்து ஸ்பீடு புடிச்சா கிட்டத்தட்ட சரியாயிடுது, ஆனா லோடு ஏத்திட்டு மேடு ஏறும்போது முன்ன மாதிரி இழுவை இல்ல, மூணாவதுல ஏறுன எடத்துல எல்லாம் இப்ப ரெண்டாவது கேக்குது.

இதுவரைக்கும் பிளக் மூணும் புதுசு போட்டாச்சு, ஏர் பில்டர் மாத்தியாச்சு, கார்புரேட்டர் கழட்டி கழுவியாச்சு, ஒண்ணும் வித்தியாசம் தெரியல. இங்க ஒரு பட்டறைல காமிச்சேன், சவுண்டைக் கேட்டுட்டு உடனே இன்ஜின் போயிருச்சு, எறக்கி போர் பண்ணி, அதாவது சிலிண்டர் உள்சுவரக் கடைஞ்சு, பிஸ்டன் ரிங் மாத்தணும்னு பெரிய தொகையா சொல்றாங்க. புகை வரலங்க, ஆயிலும் கொறையல, ரேடியேட்டர் தண்ணியும் கொறையல. அப்பறம் எதுக்கு போர் வேலைன்னு எனக்கு புரியல. தெரிஞ்சவங்க வழி சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

மதுரை_டியூனிங்:

தம்பி, மொதல்ல அந்த இன்ஜினை எறக்க விட்டுறாதீங்க. புகை இல்ல, ஆயில் குடிக்கல, அப்ப ரிங்கு போர் போயிருச்சுன்னு வெறும் காதால கேட்டு யாரும் சொல்ல முடியாது. இது 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின், அதுல ஒண்ணு வேலை செய்யலைன்னா பலத்துல மூணுல ஒரு பங்கு போயிரும், நாலு சிலிண்டர் வண்டிய விட நடுக்கம் ரொம்ப ஜாஸ்தியா தெரியும். அதனாலதான் சின்ன பிரச்சனைகூட இதுல இன்ஜினே போன மாதிரி பயமுறுத்தும்.

பார்ட்ஸ் மாத்துறத நிறுத்திட்டு மூணு விஷயத்த மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

ஒண்ணு, இந்த மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியா எரியாம விடுறது, கேஸ்ல மட்டும் வருதா, பெட்ரோல்ல மட்டும் வருதா, ரெண்டுலயும் வருதா. கேஸ் வண்டி வச்சிருக்கவனுக்கு இது பெரிய வசதி, ரெண்டு எரிபொருளுக்கும் பாதை தனித்தனி, ஆனா கரண்டும் இன்ஜினும் ஒண்ணுதான். பெட்ரோல்ல மட்டும் வந்தா கார்புரேட்டர், ஐடில் ஜெட், பெட்ரோல் பம்பு பக்கம் போகணும். கேஸ்ல மட்டும் வந்தா ரெகுலேட்டர், மிக்சர் பக்கம் பாக்கணும், அதோட ஒயர், பிளக்கையும் பாக்கணும், ஏன்னா கேஸ பத்த வைக்க ஸ்பார்க் கொஞ்சம் பலமா வேணும், வீக்கா இருக்க ஒயரு பெட்ரோல்ல சமாளிச்சுக்கும் கேஸ்ல காட்டிக் குடுத்துரும். ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்தா கார்புரேட்டர எத்தன வாட்டி கழுவுனாலும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டு, எந்த சிலிண்டர்னு கண்டுபிடிங்க. ஆனா அதுக்கு முன்னாடி கேஸ் லைன் ஜாயின்ட் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவி முட்டை விடுதான்னு பாருங்க, இந்த வண்டில இன்ஜின் உங்க சீட்டுக்கு அடியிலயே இருக்கு, கேஸ் கசிவு இருக்க எடத்துல ஒயரப் புடுங்கி ஸ்பார்க் அடிக்க விடக்கூடாது. கசிவு இல்லைன்னு உறுதியானதும், வண்டிய சூடு பண்ணி மிஸ்ஸிங் வர்ற நெலமைல வச்சுகிட்டு, ஆஃப் பண்ணி ஒரு பிளக் ஒயரைக் கழட்டி, அந்த ஒயர் முனையில ஒரு பழைய பிளக்க மாட்டி இன்ஜின் பாடில நல்லா படுற மாதிரி வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. ஒயர அந்தரத்துல தொங்க விடாதீங்க, காயிலுக்கும் கேடு, உங்க கைக்கும் ஷாக். நல்லா இருக்க சிலிண்டர் ஒயரக் கழட்டுனா ஆட்டம் இன்னும் மோசமாகும். எதக் கழட்டுனா ஒரு மாத்தமும் இல்லையோ அதுதான் ஏற்கனவே செத்துக் கெடக்க சிலிண்டர். பெல்ட்டு இருக்க பக்கத்துல இருந்து ஒண்ணு ரெண்டு மூணு.

மூணு, பிளக் மூணையும் கழட்டி வரிசையா ஒரு பேப்பர்ல வச்சு பாருங்க. மூணும் ஒரே கலர்ல கறுப்பா இல்ல வெள்ளையா இருந்தா அது காத்தும் எரிபொருளும் கலக்குற அளவுல பிரச்சனை, எல்லா சிலிண்டருக்கும் பொதுவானது. ரெண்டு நல்லா செங்கல் கலர்ல இருந்து ஒண்ணு மட்டும் ஈரமாவோ கறுப்பாவோ இருந்தா வியாதி அந்த சிலிண்டர்ல மட்டும்தான். இது காசு செலவில்லாத டெஸ்ட்டு.

நெல்லை_ஆம்னி:

நான் வச்சிருக்கது எம்பிஎஃப்ஐ ஆம்னி, கார்புரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் பெட்ரோல் அளந்து விடுற மாடல், அதனால என் கத உங்களுக்கு அப்படியே பொருந்தாது, ஆனா ஒண்ணு சொல்றேன். இதே மாதிரி ஐடில் உதறல் எனக்கும் இருந்துச்சு, கடைசில பாத்தா ஒரு வேக்கம் ஓஸ் அடிப்பக்கம் வெடிச்சிருந்துச்சு. மேல இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கும், வளைச்சு பாத்தாதான் வெடிப்பு வாயத் தெறக்கும். உங்க வண்டில டிஸ்ட்ரிபியூட்டருக்கு போற சின்ன ஓஸ், கார்புரேட்டர் அடி கேஸ்கெட், டேப்பெட் கவர்ல இருந்து வர்ற ஓஸ் எல்லாம் பாருங்க. சூடாகும்போது ரப்பர் இளகி வெடிப்பு விரியும், அதனாலயும் காலைல நல்லா இருந்து அப்புறம் மோசமாகலாம். கார்ப் கிளீனர் அடிச்சு பாக்குறது நெறைய பேர் சொல்லுவாங்க, சூடான இன்ஜின் மேல, அதுவும் சீட்டுக்கு அடியில, தயவு செஞ்சு வேணாம். தண்ணி ஸ்ப்ரே போதும், கசிவு இருக்க எடத்துல தண்ணி பட்டா ஐடில் ஒரு செகண்ட் மாறும்.

இன்னொன்னு, ராத்திரி லைட்ட எல்லாம் அணைச்சுட்டு சீட்டத் தூக்கி பிளக் ஒயர் மேல லேசா தண்ணி தெளிச்சு பாருங்க. ஒயர் லீக்கா இருந்தா நீல கலர்ல பொறி ஒயர்ல இருந்து பாடிக்கு தாவுறது கண்ணுக்கே தெரியும்.

கார்ப்_காதலன்:

ப்ரோ இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்ங்கறதையும் கணக்குல எடுத்துக்கங்க. 98ல டிசைன் பண்ண கார்புரேட்டருக்கு எத்தனால் அதிகமா இருந்தா மிக்சர் தானா லீன் ஆகும், அதாவது காத்துக்கு ஏத்த எரிபொருள் பத்தாது, புது வண்டில கம்ப்யூட்டர் சரி பண்ணிக்கும் நம்ம வண்டில அந்த வசதி இல்ல. பழைய ரப்பர் ஓஸ், டயாபிரம் எல்லாம் ஊறி உப்பிடும், டேங்க்ல பல வருஷமா ஒட்டிகிட்டு இருந்த அழுக்கு கழண்டு வந்து ஐடில் ஜெட்ட அடைக்கும். கேஸ்லயே ஓட்டிட்டு பெட்ரோல எப்பவாச்சும் தொடுறவங்களுக்கு டேங்க்ல பெட்ரோல் மாசக்கணக்கா கெடக்கும், எத்தனால் காத்துல இருக்க ஈரத்த இழுக்கும். ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு ராத்திரி பூரா வச்சு பாருங்க, அடியில தனியா ஒரு அடுக்கு நின்னா டேங்க்க காலி பண்ணிடுங்க.

ஆனா மதுரை அண்ணன் சொன்ன லாஜிக்தான் கரெக்ட். பெட்ரோல் கோளாறுன்னா மூணு சிலிண்டரும் சேந்து அடி வாங்கும், அதுவும் கேஸ்ல மாத்துனா சரியாயிடும்.

உடுமலை_வேன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்ன மாதிரியே பாத்துட்டேன்.

கேஸ்லயும் அதே ஆட்டம், பெட்ரோல்லயும் அதே ஆட்டம். சோப்புத் தண்ணி டெஸ்ட்ல கசிவு எங்கயும் இல்ல. ஒயர் கழட்டி பாத்தப்ப ஒண்ணாவதக் கழட்டுனா இன்ஜின் அப்படியே விழுந்துருது, மூணாவதக் கழட்டுனாலும் அதே, ரெண்டாவதக் கழட்டுனா ஒண்ணுமே ஆகலைங்க, அப்படியே அதே உதறல். பிளக் பாத்தா ஒண்ணும் மூணும் வெளுத்த செங்கல் கலரு, ரெண்டாவது மட்டும் கறுப்பு. ரெண்டாவது பிளக்க மூணுக்கும் மூணாவத ரெண்டுக்கும் மாத்தி பாத்தேன், ஒயரையும் மாத்தி பாத்தேன், அப்பவும் ரெண்டாவதுதான் செத்து கெடக்கு. இருட்டுல தண்ணி தெளிச்சும் பாத்தாச்சு, பொறி எதுவும் தாவல. ரெண்டாவது ஒயர்ல ஸ்பார்க் நல்லா நீலமா அடிக்குது. வேக்கம் ஓஸ் ரெண்டு பழசா இருந்துச்சு, மாத்திட்டேன், வித்தியாசம் இல்ல.

அண்ணா அப்ப இது போர்தானுங்களா? கொஞ்சம் பயமா இருக்கு.

மதுரை_டியூனிங்:

பயப்படாதீங்க தம்பி, அருமையா பாத்துருக்கீங்க. பிளக்கும் ஒயரும் மாத்துனதும் வியாதி கூடவே போயிருந்தா அது கரண்ட் பிரச்சனை. போகாம ரெண்டாவதுலயே நிக்குது, ரெண்டு எரிபொருள்லயும் நிக்குது, அப்ப அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேல ஏறி அமுக்குற அழுத்தம், நிக்கலன்னுதான் அர்த்தம். இனி கேள்வி ஒண்ணுதான், கம்ப்ரஷன் எது வழியா போகுது. ரிங்கு வழியா கீழ போகுதா, வால்வு வழியா மேல போகுதா, ஹெட் கேஸ்கெட்ல போகுதா.

என் சந்தேகம் எரிஞ்ச புகைய வெளிய விடுற எக்ஸாஸ்ட் வால்வு மேல. ஏன்னு சொல்றேன். நீங்க சொன்ன அறிகுறியவே பாருங்க, குளிர்ல நல்லா இருக்கு, சூட்டுல மோசம், ஸ்பீடுல சரியாகுது. கேஸ்ல ஓடுற வண்டில வால்வு மூடி உக்கார்ற சீட்டு கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு வால்வு ஹெட்டுக்குள்ள ஏறிகிட்டே போகும். பெட்ரோல் துளி உள்ள வந்து ஆவியாகும்போது ஒரு குளிர்ச்சி குடுக்கும், கேஸ் அப்படி இல்ல, வறட்டு எரிப்பு. முன்னாடி ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்துல அந்த ஈயம் சீட்டு மேல படிஞ்சு அடி தாங்கும், அது 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க நின்னு போச்சு. வால்வு உள்ள ஏற ஏற டேப்பெட் கேப்பு, அதாவது வால்வுக்கும் அத அமுக்குற ராக்கருக்கும் நடுவுல விடுற சந்து, கொறையும். பெருசாகாது, கொறையும், இதத்தான் பலபேரு கவனிக்குறதில்ல. சத்தம் வந்தா டேப்பெட் பாப்பாங்க, கேப்பு கொறஞ்சா சத்தமே வராது, வண்டி முன்ன விட அமைதியா இருக்குன்னு சந்தோஷப்படுவாங்க.

கேப்பு கொஞ்சமா மிச்சம் இருக்கப்ப குளிர்ல வால்வு மூடிக்கும். சூடானதும் வால்வு தண்டு நீளும், இருந்த கேப்பும் போயி வால்வு முழுசா மூடாம லேசா தொறந்தே நிக்கும். ஐடில்ல பிஸ்டன் மெதுவா ஏறுறதால அந்த சந்து வழியா காத்து தப்பிக்க நேரம் இருக்கு, ஸ்பீடுல அந்த நேரம் இல்ல, அதனால ஓரளவு எரிஞ்சுரும். உங்க வண்டி சொல்ற கதைய இதோட பொருத்திப் பாருங்க.

இப்ப செய்ய வேண்டியது கம்ப்ரஷன் டெஸ்ட். கேஜ் இருக்க பட்டறைல பண்ணச் சொல்லுங்க. இன்ஜின் சூடா இருக்கணும், மூணு பிளக்கையும் கழட்டணும், கேஸ் சிலிண்டர் வால்வ அடைச்சுரணும், காயிலுக்கு வர்ற கரண்ட கழட்டிரணும், ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுகிட்டு செல்ஃப் அடிக்கணும், பேட்டரி தெம்பா இருக்கணும். நம்பர் எவ்ளோங்கறத விட மூணுக்கும் நடுவுல வித்தியாசம் எவ்ளோங்கறதுதான் முக்கியம். கம்மியா காட்டுற சிலிண்டர்ல பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடிங்க. நம்பர் நல்லா ஏறுனா ரிங்கு, ஏறலைன்னா வால்வு இல்ல கேஸ்கெட். பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேந்து கம்மியா இருந்தா கேஸ்கெட் சந்தேகம்.

அதுக்கு முன்னாடி வீட்லயே ஒண்ணு பண்ணுங்க, சூடா உதறிகிட்டு இருக்கும்போது சைலன்சர் வாயில ஒரு பேப்பர் துண்ட பிடிங்க. நல்ல இன்ஜின்னா வெளிய தள்ளிகிட்டே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு மூடலைன்னா அப்பப்போ பேப்பர உள்ள இழுத்து ஒட்ட வைக்கும்.

ஈரோடு_ஸ்பேனர்:

மதுரை அண்ணன் சொன்னதோட சேத்து. கம்ப்ரஷன் கேஜ் கெடைக்கலைன்னா பங்க்சர் கடை கம்ப்ரஸர் காத்தே போதும்ங்க. அந்த சிலிண்டர் பிஸ்டன கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேல கொண்டாந்து வெச்சு, கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, பழைய பிளக்க உடைச்சு டியூப் வால்வு பத்த வெச்ச அடாப்டர் ஒண்ணு வெச்சிருப்பாங்க, அது வழியா காத்து குடுத்துட்டு காத வெச்சு கேளுங்க. சைலன்சர்ல உஸ்ஸுன்னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர்ல வந்தா இன்லெட் வால்வு, ஆயில் ஊத்தற மூடிய தொறந்தா அங்க வந்தா ரிங்கு, ரேடியேட்டர்ல முட்டை விட்டா கேஸ்கெட். ஃபேன் பெல்ட் கிட்ட கை வெக்காதீங்க, காத்து அழுத்தத்துல இன்ஜின் சுத்திடும்.

உடுமலை_வேன்:

பண்ணியாச்சுங்க. வேற ஒரு பட்டறைல கேஜ் இருந்துச்சு, அவரும் பொறுமையா பண்ணிக் குடுத்தாரு. ஒண்ணு 150 பிஎஸ்ஐ, ரெண்டு 90, மூணு 145. ஆயில் விட்டு அடிச்சும் ரெண்டாவது 95தான் வந்துச்சு. பேப்பர் டெஸ்ட்ல படபடன்னு அடிச்சுட்டு நடுநடுவுல சைலன்சர் வாயில ஒட்டிக்குதுங்க, அதப் பாத்ததும் எனக்கே புரிஞ்சிருச்சு.

அப்பறம் இன்ஜின் ஆறுனதும் டேப்பெட் கவர் கழட்டுனோம். கேப்பு அளக்குற ஃபீலர் கேஜ்ல இருந்ததுலயே மெல்லிசு தகடுகூட ரெண்டாவது எக்ஸாஸ்ட்ல நுழையல, ராக்கர கையில ஆட்டிப் பாத்தா அசையவே இல்ல, மத்ததெல்லாம் லேசா டிக் டிக்குன்னு ஆடுது. ஒண்ணு, மூணு எக்ஸாஸ்ட்டும் கொஞ்சம் டைட்டுதான். போன வருஷம் ஒரு பட்டறைல டேப்பெட் சத்தம்னு டைட் வெச்சுக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் யாரும் தொடல.

எல்லாத்தையும் கேப்பு வெச்சு ஓட்டிப் பாத்தா நெறைய வித்தியாசம் தெரியுது, ஆஃப் ஆகறது நின்னுருச்சு. ஆனா ரெண்டாவது 115க்கு மேல ஏறல, லேசா உதறல் இன்னும் இருக்கு. இப்படியே ஓட்டலாமுங்களா?

மதுரை_டியூனிங்:

ஓட்டாதீங்க தம்பி. வால்வு மூடாம ரொம்ப நாள் ஓடிருக்கு. எக்ஸாஸ்ட் வால்வு தன்னோட சூட்ட சீட்டுல ஒட்டி உக்கார்ற நேரத்துலதான் ஹெட்டுக்கு கடத்தும், உக்காரவே இல்லைன்னா விளிம்பு எரிஞ்சு போகும். கேப்பு சரி பண்ணியும் 115ல நிக்குதுன்னா விளிம்புல எங்கயோ ஓரமா தின்னுருக்கு. அப்படியே ஓட்டுனா ஒரு துண்டு உடைஞ்சு பிஸ்டன் மேல விழலாம், அப்ப நெஜமாவே போர் வேலை வந்துரும்.

இது ஹெட் வேலை மட்டும்தான், இன்ஜின எறக்க வேணாம், போர் தொட வேணாம், பிஸ்டன் தொட வேணாம். ஹெட்ட கழட்டி லேத்துக்கு அனுப்பும்போது எக்ஸாஸ்ட் வால்வு மூணும் புதுசு வாங்கிக் குடுங்க, ஒண்ணு எரிஞ்சா மத்ததும் அதே சூட்டுலதான் இருந்துச்சு. கேஸ் வண்டின்னு சொல்லி எக்ஸாஸ்ட் சீட்டு ரிங் மூணும் புதுசா போட முடியுமான்னு கேளுங்க, வெறும் சீட் கட்டிங் மட்டும் பண்ணா வால்வு இன்னும் உள்ள ஏறி சீக்கிரமே திரும்பி வருவீங்க. கைடு ஆட்டம் பாக்கணும், வால்வு சீல் மாத்தணும், ஹெட் முகம் மட்டமா இருக்கான்னு பாத்துட்டு தேவைப்பட்டா மட்டும் ஃபேஸிங். கேஸ்கெட் நல்ல கம்பெனிது போடுங்க, டார்க் ரென்ச் வச்சு படிப்படியா டைட் பண்ணச் சொல்லுங்க, கை அளவுல டைட் பண்றவங்க கிட்ட குடுக்காதீங்க. எப்படியும் கழட்டுறதால டைமிங் பெல்ட்டும் மாத்திருங்க, வாட்டர் பம்ப் சத்தமும் கேட்டுருங்க.

ஹெட்ட தூக்குனதும் போர் சுவரு எப்படி இருக்குன்னு போட்டோ எடுத்து போடுங்க.

உடுமலை_வேன்:

முடிஞ்சுதுங்க. ரெண்டாவது எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்துல நகத்தால சொரண்டி எடுத்த மாதிரி ஒரு பள்ளம், அந்த எடம் மட்டும் வெளுத்துப் போய் இருக்கு, சீட்டு மத்த ரெண்ட விட நல்லா கீழ எறங்கியிருக்கு. போர் மூணுலயும் கோடு எதுவும் இல்ல, கை வெச்சு தடவுனா மேல விளிம்பு தட்டவே இல்ல, லேத்துக்காரரே இதப் போய் எதுக்கு போர் பண்ணணும்னு கேட்டாரு. சீட்டு ரிங் மூணும் புதுசு, வால்வு மூணும் புதுசு, நீங்க சொன்ன எல்லாமே பண்ணியாச்சு. போர் வேலைக்கு கேட்ட தொகைல பாதிகூட ஆகல.

இப்ப கம்ப்ரஷன் மூணும் 155 பக்கம் நிக்குது. நேத்து முழு லோடுல பழனிக்கு பந்தல் சாமான் ஏத்திட்டு போனேன், சூடாகி நின்னாலும் கண்ணாடி ஆடல. எங்கப்பா முன்னாடி சீட்ல உக்காந்து வந்தாரு, எதுவும் பேசல, கையை மட்டும் டேஷ்போர்டு மேல வெச்சு வெச்சு பாத்துட்டே வந்தாரு.

ஒரே ஒரு சந்தேகம், இனி கேஸ்ல ஓட்டலாமா இல்ல நிறுத்திடணுமா?

மதுரை_டியூனிங்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. கேஸ்ல தாராளமா ஓட்டலாம். ஆயிரம் கிலோமீட்டர்ல ஒருக்கா டேப்பெட் பாருங்க, புது சீட்டு படியிற நேரத்துல கேப்பு மாறும், அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் கவரைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க, எப்பவும் குளிர்ந்த இன்ஜின்ல. மேனுவல்ல சொன்ன அளவுல எக்ஸாஸ்ட்ட அதிகபட்ச பக்கம் வச்சுக்கங்க, லேசா டிக் டிக் சத்தம் வந்தா வரட்டும், அத அடக்கச் சொல்லி யாரு கிட்டயும் குடுக்காதீங்க. கேஸ் மிக்சர ரொம்ப லீனா வச்சு மைலேஜ் பாக்காதீங்க, அந்த சூடு நேரா வால்வுக்குத்தான் போகும். தினமும் காலைல பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு அப்புறம் கேஸுக்கு மாத்துங்க, கார்புரேட்டர் டயாபிரமும் காயாது, டேங்க்ல பெட்ரோலும் பழசாகாது.

ஈரோடு_ஸ்பேனர்:

கேஸ் டேங்க் டெஸ்ட் தேதியும் பாத்துக்கங்க, டேங்க் மேல இருக்க தகடுல அடிச்சிருக்கும், எஃப்சிக்கு போறப்ப அத கேப்பாங்க.